பேச்சு நின்றுபோன கணினி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகச் சொன்னார்கள். என்ன பேசுவது என்று நேற்று முழுக்க யோசித்தேன். நீங்கள் படித்ததில் கால்வாசிகூட நான் படித்ததில்லை. சிங்காநல்லூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். அங்கே மெஷின்களை ஓரங்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். அது அடிக்கடி நின்றுபோனது. ரிப்பேர்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கப் பொறுமையில்லாமல் நானே திறந்து பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் நாற்பது வயதுக்கு மேல் சர்வீஸ் இன்ஜினியர் ஆனேன். அந்தப் பட்டத்தைக் கம்பெனிதான் கொடுத்தது, காலேஜ் கொடுக்கவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது என் சிடி பைதான். கறுப்பு நிறம், ஜிப் வைத்தது. பிரிண்டர், மோடம், சவுண்டு கார்டு, எதை இயக்க என்ன டிரைவர் நிரல் வேண்டுமென்றாலும் அதில் இருக்கும். ஸ்கூட்டரின் முன்பக்கக் கொக்கியில் அதை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். அவிநாசி ரோட்டில் அப்போது மேம்பாலம் கிடையாது. காலையில் கிளம்பினால் ஒரு நாளைக்கு மூன்று வீடு, நான்கு ஆபீஸ் பார்க்கலாம். போகிற இடத்திலெல்லாம் காபி கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் சரியானதும் குடும்பமே சுற்றி நின்று பார்க்கும். இப்போது எல்லாவற்றையும் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்துவிடுகிறீர்கள். நல்லதுதான். ஆனாலும் அந்தக் காபிக்கு நான் இன்றைக்கும் ஏங்குகிறேன்.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது சோமனூரில் ஒரு நாள் நடந்தது. அன்றைக்கு நான் கெட்டிக்காரத்தனமாக எதுவும் செய்யவில்லை.

கூப்பிட்டவர் நாச்சிமுத்து என்ற தறி முதலாளி. கீழே தறிக்கூடமும் அவருடைய ஆபீஸும். மாடியில் ஒரு சின்ன வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஸ்டெல்லா என்ற பெண்ணும் அவர் தங்கையும் இருந்தார்கள். தங்கைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஸ்டெல்லாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அவிநாசிப் பக்கம் தோட்ட வேலை செய்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்.

அவருக்கு அப்போது ஒரு வேலை கிடைத்திருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகள் இன்டர்நெட் வழியாக வரும். ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்து மதியம் இரண்டு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் சோதனைக் காலம். ஒரு நாள் தாமதமானாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நான் போனது இரண்டாவது வாரத்தின் நடுவில்.

இன்டர்நெட் இணைப்பு கீழே நாச்சிமுத்துவின் ஆபீசில் இருந்தது. கேபிளிலும் வயர்லெஸ்ஸிலும் கொடுக்கக்கூடிய பெட்டி அது. அங்கிருந்து மாடிப்படி வழியாக ஒரு நீல நிறக் கேபிளை இழுத்து மேலே கொடுத்திருந்தார். நான் போவதற்கு மூன்று நாள் முன்பு அந்தக் கேபிள் தடுக்கி ஸ்டெல்லா நான்கு படி உருண்டுவிட்டார். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. நாச்சிமுத்துவுக்கு மனசே சரியில்லை. கேபிளே வேண்டாம் என்று அன்றைக்கே சுருட்டி வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய் ஒரு வயர்லெஸ் அடாப்டர் வாங்கி வந்துவிட்டார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், யுஎஸ்பியில் செருகுவது. இரண்டு நாளாக ஸ்டெல்லா வேலையைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்க, கீழேயிருந்து நாச்சிமுத்துவே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பெட்டியில விண்டோஸுக்கு மட்டும்னு போட்டிருக்குதுங்க. அம்மணி என்னமோ வேற வச்சிருக்குதாம். நீங்கதான் பாத்துச் சொல்லோணும்" என்றார்.

மேலே போனேன். ஸ்டெல்லாவின் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருந்தது. திரையில் இருப்பதையெல்லாம் ஓர் ஆங்கிலக் குரல் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் எடுத்த எடுப்பில், "விண்டோஸ் போட்டுறலாங்க, அரை மணி நேர வேலை" என்றேன்.

"வேண்டாமுங்க மேடம். அதுல பேசற சாஃப்ட்வேர் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. சும்மா குடுக்கறது நாப்பது நிமிசம் பேசும், அப்புறம் நின்னுபோகும். கம்ப்யூட்டரையே நிறுத்திப்போட்டு மறுக்கா ஆரம்பிக்கோணும். இது நாள் முழுக்கப் பேசுது. இதுலயே பண்ணிக் குடுக்க முடியுங்களா?"

முடியும் என்றேன். ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியும். என்டிஸ்ராப்பர் என்று ஒரு நிரல் இருந்தது. விண்டோஸுக்கென்று எழுதிய டிரைவரை எடுத்து லினக்ஸுக்குள் உட்காரவைத்து, நீ உன் சொந்த இடத்தில்தான் இருக்கிறாய் என்று அதை நம்பவைக்கும். எங்கள் ஆபீசில் ஒருவர் செய்து நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தனியாகச் செய்ததில்லை. அதை ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட அந்தக் குரலும் கூடவே படித்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. குரலை நிறுத்திவிட்டேன். அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இன்றைக்கு யோசித்தால், யாரோ ஒருவர் வீட்டுக்குள் போய் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைத்த மாதிரிதான் அது.

அடாப்டரோடு வந்த சிடியில் விண்டோஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒவ்வொரு ஃபோல்டர் இருந்தது. முதலில் கண்ணில் பட்டதிலிருந்து டிரைவரை எடுத்துப் போட்டேன். அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்கைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்டர்நெட்டில் ஒரு பக்கம்கூடத் திறந்து பார்க்காமல், கணினி தொடங்கும்போதெல்லாம் அந்த டிரைவர் தானாக ஏற வேண்டும் என்று எழுதி வைத்தேன். அப்புறம்தான் இணைப்பைக் கொடுத்தேன். திரை அப்படியே உறைந்தது. மவுஸ் நகரவில்லை.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். பாதி வழியில் நின்றது. மறுபடி அணைத்தேன். மறுபடி நின்றது. மூன்றாவது முறை அணைத்துப் போட்டபோதும் அதே கதைதான். மணி பதினொன்று ஆகியிருந்தது. அன்றைய குறிப்புகளில் முக்கால்வாசியை அவர் விடியற்காலையிலேயே தட்டி முடித்து அந்தக் கணினிக்குள்தான் வைத்திருந்தார்.

"என்னவாச்சுங்க மேடம்? சத்தமே காணோம்."

"ஒண்ணுமில்லீங்க. அப்டேட் ஆகிட்டிருக்குது."

இதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பொய் யோசிக்காமலே வந்தது. பார்வை உள்ள ஒருவரிடம் சொல்லியிருக்க மாட்டேன். திரையைப் பார்த்தால் தெரிந்துவிடுமே. இவருக்குத் தெரியாது என்ற தைரியம்.

ஸ்டெல்லா எழுந்து வந்தார். மேசையைத் தடவி, கணினிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கீழே தறிகள் ஓடுகிற ஓட்டத்தில் தரையே அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் அவர் கையை அசைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"டிஸ்க் ஓடலீங்களே மேடம். அப்டேட் ஆனா ஓடும். விரல்ல தெரியும்."

எனக்கு முகம் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன், அவர் பார்க்கப்போவதில்லை என்றாலும். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். குரலை நிறுத்தியது, பார்த்து எடுக்காத டிரைவர், சோதிக்காமல் நிரந்தரமாக்கியது, மூன்று முறை அடாவடியாக அணைத்தது, அப்டேட் என்றது பொய் என்பது வரை.

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இன்னைக்கு அனுப்பலைன்னா வேலை போயிரும் மேடம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார்: "அந்த அடாப்டரு இன்னும் சொருகித்தான் இருக்குதுங்களா?"

பார்த்தேன். செருகித்தான் இருந்தது. பதற்றத்தில் அதைப் பிடுங்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பிடுங்கினேன். மறுபடி கணினியைப் போட்டேன். இந்த முறை உறையவில்லை. ஆனால் பாதியில் ஒரு கறுப்புத் திரை வந்தது. டிஸ்க்கில் பிழைகள் இருக்கின்றன, தானாகச் சரிசெய்ய முடியவில்லை, கையால் சரிபார்க்கவும் என்று எழுதியிருந்தது. நான் மூன்று முறை அணைத்ததன் விளைவு. அந்த நிலையில் பேசும் குரலும் வராது.

"படிங்க மேடம்" என்றார். "யுபிஎஸ் கைவிட்டப்ப ரெண்டு தடவை இப்படி ஆயிருக்குதுங்க. தங்கச்சி படிச்சா, நான் சொன்னேன்."

நான் படித்தேன். அவர் தட்ட வேண்டியதைச் சொன்னார். எங்கே இடைவெளி, எங்கே கோடு, எல்லாம் சொன்னார். எங்கள் ஆபீசில் எத்தனையோ பேரிடம் வேலை கற்றிருக்கிறேன். அவ்வளவு தெளிவாகச் சொன்ன ஆளைப் பார்த்ததில்லை. திரையில் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தேன். எப்படித் தெரிந்ததோ, நிறுத்தச் சொன்னார்.

"நடுவுல ஒண்ணை உட்டுட்டீங்களாட்ட இருக்குது."

"அது சும்மா ஏதோ நம்பருங்க. முக்கியமில்ல."

"எல்லா வரியும் படிங்க மேடம். எது முக்கியம்னு நான் பாத்துக்கறேன்."

படித்தேன். எந்தப் பிரிவில் பிழை என்று அந்த வரியில்தான் இருந்தது. அவர் கணினியின் டிஸ்க்கில் இரண்டு பிரிவுகள். ஒன்றில் லினக்ஸ், இன்னொன்றில் அவருடைய வேலை. பிழை இருந்தது முதலாவதில். அதைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டார். "அப்போ டாக்டருங்க பேசினதெல்லாம் பத்திரமா இருக்குதுங்க. எல்லாத்துக்கும் சரின்னு ஒய் அடிங்க" என்றார்.

அடித்தேன். கணினி எழுந்தது. எனக்குப் புரியாத அந்த ஆங்கிலக் குரல் வேகவேகமாகப் பேச ஆரம்பித்தது. அவ்வளவு நேரம் அவர் அழவில்லை. அதைக் கேட்டதும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதி வைத்த அந்த நிரந்தர வரியை அழிக்கச் சொன்னார். அழித்தேன்.

மணி பன்னிரண்டேகால். உண்மையைச் சொல்கிறேன், என் கை அந்த அடாப்டருக்குத்தான் போனது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, இன்னொரு தடவை போட்டால் வந்துவிடும், போகும்போது தலை நிமிர்ந்து போகலாம். அந்த ஆசை எவ்வளவு பொல்லாதது என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியும். அடாப்டர் என் மானப் பிரச்சினை. அவருக்கு அன்றைய பிரச்சினை இரண்டு மணி. கையை இழுத்துக்கொண்டேன்.

கீழே போய் நாச்சிமுத்துவிடம் அந்தப் பழைய கேபிளைக் கேட்டேன்.

"பென் டிரைவு குடுத்தா நேத்து மாதிரி நானே அனுப்பிப்போடறனுங்க."

"இன்னும் கால்வாசி பாக்கி இருக்குதுங்க. இந்தக் கம்ப்யூட்டரு மறுபடி நின்னா என்ன பண்றதுன்னு பயமா இருக்குது. ஒவ்வொண்ணா முடிய முடிய மேல இருந்தே அனுப்பிட்டா நல்லதுங்க."

"அதுல உழுந்துதானுங்க அம்மணிக்குக் கை போச்சு" என்று தயங்கினார். ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும்தான் என்றேன். கேபிளை எடுத்து அவரே மாடிப்படியில் விரித்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டுப் படியின் அடியில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போய் வேலையப் பாருங்க. ஒரு ஆளு ஏறவும் மாட்டான், எறங்கவும் மாட்டான்."

தறிக்கான பாவு நூல் கணக்குக் கேட்டு ஒருவர் வந்தார். இவர் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே பேசி அனுப்பினார். சாப்பிட வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். "பொறவு வாரேன்" என்றார்.

மேலே ஸ்டெல்லா காதில் மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள். அந்த வேகத்தை ரசிக்க எனக்கு மட்டும்தான் அங்கே தகுதி இருந்தது. சத்தம் போடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிக் கோப்பும் போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்ததை அந்தக் குரல் படித்தது. அந்த ஒரு வாக்கியம் எனக்கும் புரிந்தது.

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு அடாப்டரை எடுத்தோம். இந்த முறை குரலை நிறுத்தவில்லை. ஸ்டெல்லா கேட்டபடி சிடியில் இருந்த ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரையும், கூடவே இருந்த குறிப்பையும் முழுசாகப் படித்தேன். நான் காலையில் எடுத்தது ரொம்பப் பழைய விண்டோஸுக்கானது. அதற்கு இரண்டு ஃபோல்டர் தள்ளிச் சரியானது இருந்தது. அதைப் போட்டோம். எதையும் நிரந்தரமாக்காமல் கையாலேயே ஏற்றினோம், இணைத்தோம், பிடுங்கினோம், மறுபடி செருகினோம். அரை மணி நேரம் ஓடவிட்டோம். அப்புறம்தான் அந்த வரியை எழுதினோம், அதையும் அவர்தான் தட்டினார்.

நாச்சிமுத்து தன் வயர்லெஸ் இணைப்புக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். அந்த ஆங்கிலக் குரல் அதைப் படித்த விதத்தில் ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

படியேறி வந்த நாச்சிமுத்து, "என்னம்மணி சொல்லுது?" என்றார்.

"உங்க பேரைத்தானுங்க சொல்லுது."

அவர் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "இதா என்ற பேரு?" என்றவர், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார்.

ஸ்டெல்லாவுக்கு அந்த வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு லினக்ஸில் எனக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் ஃபோன் செய்வேன். சில வருடங்களில் லினக்ஸிலேயே அந்த மாதிரி அடாப்டர்களுக்கு டிரைவர் வந்துவிட்டது. இப்போது செருகினால் வேலை செய்கிறது. நாங்கள் பட்ட பாடு யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு என்னவோ அந்த நாளை விட்டுக்கொடுக்க மனசில்லை.

கிளம்புவதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படிவம் நிரப்பி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் பழுதுக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. கரண்டு ஏற்ற இறக்கம் என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். அநேகமாக எல்லோரும் அதைத்தான் எழுதுவோம். நான் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு வரி எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டினேன்: சர்வீஸ் இன்ஜினியர் தவறான டிரைவரைச் சோதிக்காமல் நிரந்தரமாக்கினார். நடந்ததை வாடிக்கையாளரிடம் மறைத்தார்.

ஸ்டெல்லா சொன்னார்: "ரெண்டாவது வரி வேண்டாமுங்க மேடம்."

"ஏனுங்க?"

"அது மெஷின் பழுது இல்லீங்களே. அது நமக்குள்ள. அதைத்தான் என்றகிட்டயே சொல்லிப்போட்டீங்களே."

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். அடித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்தேன். பேனாவை வாங்கி நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

"நேரா வந்திருக்குதுங்களா?" என்று கேட்டார்.

கடைசி இரண்டு எழுத்தும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தன. அப்படியே சொன்னேன்.